பென் டிரைவில் வந்த தமிழ் கீபோர்டு: டபுள் கிளிக் செய்வதற்கு முன்

ரங்கூனில் தமிழ் டைப் செய்யும் புரோகிராம் ஒன்று புதிதாக ஒரு கம்ப்யூட்டருக்குப் போகிறது என்றால், பெரும்பாலும் அது இணையத்திலிருந்து நேராகப் போவதில்லை. கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்ததை ஒருவர் பென் டிரைவில் எடுப்பார். அது திருவிழா நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்துக்குப் போகும். அங்கிருந்து தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர் வீட்டுக்கு, பிறகு பஸ் ஏறி பெகுவுக்கோ தட்டோனுக்கோ மோல்மீனுக்கோ. இணையம் நினைத்த நேரத்தில் நின்றுபோகிற, டேட்டாவைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற ஊரில் இதைத் தப்பென்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் இப்படிக் கைமாறி வரும் ஃபைலுக்கு ஒரு தனிக் குறை உண்டு. அது பலருக்குத் தெரியவில்லை என்பதால்தான் இந்தப் பதிவு.

பிரவுசர் வழியாக ஒரு ஃபைலை இறக்கினால், விண்டோஸ் அதோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டை ஒட்டிவைக்கிறது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில், ஒரு ஃபைலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்னக் குறிப்பை மறைவாக வைக்க இடம் இருக்கிறது. ‘ஸோன் ஐடென்டிஃபையர்’ என்ற பெயரில் அந்தக் குறிப்பு உட்கார்ந்திருக்கும். அதில் 3 என்று எழுதியிருந்தால் இந்த ஃபைல் இணையத்திலிருந்து வந்தது என்று பொருள். ரைட் கிளிக் செய்து புராபர்ட்டீஸ் திறந்தால், ‘இந்த ஃபைல் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து வந்தது’ என்று கீழே ஒரு வரியும் ‘அன்பிளாக்’ என்ற கட்டமும் தெரிவது இதனால்தான். டபுள் கிளிக் செய்யும்போது நீலத் திரை விரித்து ‘விண்டோஸ் உங்கள் பிசியைக் காப்பாற்றியது’ என்று விண்டோஸின் காவல் வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீன் மறிப்பதும் இந்தச் சீட்டைப் பார்த்துத்தான்.

கடையில் விற்கும் பென் டிரைவ்கள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகி வருகின்றன. அவற்றில் இந்தச் சீட்டுக்கு இடமே கிடையாது. ஃபைல் பென் டிரைவுக்குள் போன அந்த நொடியிலேயே சீட்டு கழன்று விழுந்துவிடும். மறுபடி என்டிஎஃப்எஸ் டிஸ்க்குக்குத் திரும்பினாலும் திரும்ப ஒட்டாது. ஆக, ஊரெல்லாம் சுற்றிவந்த ஃபைலை நீங்கள் திறக்கும்போது ஸ்மார்ட்ஸ்கிரீன் வாயே திறக்காது. ‘எச்சரிக்கை ஒன்றும் வரவில்லையே, நல்ல ஃபைல்தான்’ என்று சொல்கிறோமே, அங்கேதான் பிசகு. எச்சரிக்கை வராததற்குக் காரணம் கேட்கவேண்டிய கேள்வியையே விண்டோஸ் கேட்கவில்லை என்பதுதான். ஸிப் ஃபைல்களைச் செவன்-ஸிப் என்ற இலவச புரோகிராமில் விரிக்கும்போதும் இதே கதை. 2022-இல் வந்த 22.00 பதிப்பில்தான் விரித்த ஃபைல்களுக்கும் சீட்டைக் கடத்தும் வசதி வந்தது. அதுவும் ஆப்ஷன்ஸில் போய் நாமே இயக்கினால்தான் வேலை செய்யும். அந்த வசதியிலிருந்த ஓட்டை ஒன்றை 24.09-இல் அடைத்தார்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் மாற்றிவிடுங்கள்.

சீட்டு இல்லை என்றால் ஃபைலையே நேராக விசாரிக்க வேண்டியதுதான். முதலில், கையில் இருப்பது என்ன என்று தெரியவேண்டும்.

விண்டோஸ் ஆரம்பத்திலேயே ஃபைல் பெயரின் வாலை, அதாவது எக்ஸ்டென்ஷனை, மறைத்து வைக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ மெனுவுக்குப் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’, ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ இரண்டையும் டிக் செய்யுங்கள். அதே இடத்தில் பார்வையை ‘டீட்டெய்ல்ஸ்’ என்று மாற்றுங்கள். இப்போது ‘டைப்’, ‘சைஸ்’ என்று இரண்டு பத்திகள் தெரியும். நம் பென் டிரைவ்களில் அடிக்கடி தென்படும் வில்லன் ஒன்று உண்டு: ஃபோல்டர் போலவே மஞ்சள் படம், ‘தீபாவளி அழைப்பிதழ்’ என்று நீங்கள் வைத்த அதே பெயர். ஆனால் டைப் பத்தியில் ‘அப்ளிகேஷன்’ என்று இருக்கும், சைஸ் பத்தியில் ஓர் எண் இருக்கும். உண்மையான ஃபோல்டருக்கு அந்தப் பத்தியில் சைஸ் காட்டவே காட்டாது. அந்த எண் ஒன்றே போதும், அது வேஷம் என்று சொல்ல. உங்கள் அசல் ஃபோல்டரை அது மறைத்துவைத்து, தன் படத்தை முன்னே நிறுத்தியிருக்கும். பொருள் எதுவும் அழிந்திருக்காது, ஒளிந்திருக்கும், அவ்வளவுதான். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை’ என்ற டிக்கையும் எடுத்தால் அசல் மங்கலாகத் தெரியும்.

ஷார்ட்கட் வடிவில் வருவது இன்னும் தந்திரமானது. வாலைக் காட்டச் சொன்னாலும் ஷார்ட்கட்டின் வாலை விண்டோஸ் காட்டாது. படத்தின் மூலையில் இருக்கும் சின்ன வளைந்த அம்பும், டைப் பத்தியில் ‘ஷார்ட்கட்’ என்று வருவதும்தான் அடையாளம். புராபர்ட்டீஸில் ‘டார்கெட்’ என்ற வரியைப் படியுங்கள். ஃபோல்டரின் பாதைக்குப் பதிலாக சிஎம்டி, பவர்ஷெல், ரன்டிஎல்எல்32 என்று கட்டளைகளை இயக்கும் புரோகிராம் ஏதாவது இருந்தால் தொடவேண்டாம்.

பெயரைத் திருப்பிக் காட்டும் வித்தையும் இருக்கிறது. அரபு, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக யூனிகோடில் 202ஈ என்ற எண்ணில் ஒரு கண்காணா எழுத்து வைத்திருக்கிறார்கள். ஃபைல் பெயரின் நடுவே அதைச் செருகினால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தலைகீழாகத் தெரியும். கடைசியில் ‘ஜேபிஜி’ என்று முடிவதுபோல் கண்ணுக்குப் பட்டாலும், உண்மையான முடிவு, புரோகிராம்களுக்கு வரும் வாலான ‘எக்ஸ்இ’யாக இருக்கும். ஆங்கிலத்தில் அந்த மூன்றெழுத்தும் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான் என்பது ஏமாற்றுகிறவனுக்கு வசதியாகப் போயிற்று. டைப் பத்தி இதில் ஏமாறாது. பெயரைப் பார்க்காதீர்கள், டைப் பத்தியைப் பாருங்கள். ஸ்கிரீன் சேவர் என்று டைப் வந்தாலும் அது முழு புரோகிராம்தான்; எக்ஸ்இ செய்யக்கூடிய அத்தனையும் அதுவும் செய்யும்.

இன்னும் சந்தேகம் என்றால் நோட்பேடில் திறந்து பார்க்கலாம். திறப்பது வேறு, இயக்குவது வேறு. நோட்பேட் அதை வெறும் எழுத்தாகத்தான் படிக்கும். பெரிய ஃபைலாக இருந்தால் நோட்பேட் திணறும், சின்னதாக இருந்தால் சட்டென்று திறந்துவிடும். குப்பையாகத் தெரியும் எழுத்துகளில் முதல் இரண்டை மட்டும் பாருங்கள். விண்டோஸ் புரோகிராம் என்றால் ஆங்கிலத்தில் எம், இசட் என்று பெரிய எழுத்தில் தொடங்கும். டாஸ் காலத்தில் அந்த வடிவத்தை அமைத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள் அவை. சற்றுத் தள்ளி, ‘இந்த புரோகிராமை டாஸ் மோடில் இயக்க முடியாது’ என்ற ஆங்கில வாக்கியம் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். ஸிப் என்றால் பி, கே. ஸிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயர். பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்றெழுத்தும். பட்டியல் என்று அனுப்பிய ஃபைல் எம், இசட்டில் தொடங்கினால் மேற்கொண்டு விசாரணையே வேண்டாம்.

அடுத்தது கையெழுத்து, அதாவது தயாரிப்பாளர் ஃபைலில் பதித்துவைக்கும் டிஜிட்டல் முத்திரை. சீட்டு போல இது கழன்று விழாது; ஃபைலின் உள்ளேயே இருப்பதால் எத்தனை பென் டிரைவ் மாறினாலும் கூடவே வரும். கைமாறும் ஃபைல்களுக்கு இதைவிட நல்ல துணை வேறில்லை. புராபர்ட்டீஸில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற டேப் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நிறையப் பேர் அந்தப் பெயரைப் பார்த்ததும் திருப்திப்பட்டு மூடிவிடுகிறார்கள். அது போதாது. அசல் நிறுவனத்தின் கையெழுத்துத் துண்டை வேறொரு ஃபைலின் வாலில் ஒட்டிவைத்தாலும் அந்த டேப் வரும், பெயரும் தெரியும். பெயரைத் தேர்ந்து ‘டீட்டெய்ல்ஸ்’ பட்டனை அழுத்தி, மேலே வரும் வரியைப் படிக்க வேண்டும். ‘இந்த டிஜிட்டல் கையெழுத்து சரி’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் மட்டுமே, கையெழுத்துப் போட்டபின் ஃபைலில் ஒரு பைட்கூட மாறவில்லை என்று பொருள்.

‘சரியில்லை’ என்று வந்தால் உடனே வைரஸ் என்று கூச்சல் போடவும் வேண்டாம். நம் ஊர்க் கம்ப்யூட்டர்களில் இதற்கு வேறு காரணங்களும் உண்டு. மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோயிருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பிறகு தேதி பல வருடம் பின்னால் போய்விடும். கையெழுத்துச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கும். கடிகாரத்தைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். இணையத்தையே காணாத கம்ப்யூட்டரில், கையெழுத்துகளைச் சரிபார்க்க உதவும் மூலச் சான்றிதழ்கள் புதுப்பிக்கப்படாமல் இருக்கும். அங்கேயும் சரிபார்க்க முடியவில்லை என்று வரும். விண்டோஸ் 7 என்றால், ஷா-2 முறைக்கான அப்டேட் போடாதவரை இன்றைய கையெழுத்துகள் அதற்குப் புரியாது. 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது; அந்தக் கம்ப்யூட்டரில் வைத்து எதையும் சோதிக்காதீர்கள். இன்னொன்று, பாதியில் அறுந்த டவுன்லோட். முழு அளவு வராத ஃபைலில் கையெழுத்து உடைந்தேதான் இருக்கும்.

கையெழுத்தே இல்லாத நல்ல புரோகிராம்களும் நிறைய. சான்றிதழுக்கு ஆண்டுக்குச் சில நூறு டாலர் ஆகும். இலவசமாகத் தமிழ் கீபோர்டு எழுதிக் கொடுக்கிற தன்னார்வலரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. உலகமே பயன்படுத்தும் செவன்-ஸிப்பின் இன்ஸ்டாலர்கூடக் கையெழுத்தில்லாமல்தான் வந்துகொண்டிருந்தது. ஆகக் கையெழுத்து இல்லாததைக் குற்றமாக எடுக்க வேண்டாம். இன்னொரு சாட்சி தேவை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மைக்ரோசாஃப்ட், அடோபி, கூகுள் என்று பெரிய பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் இன்ஸ்டாலரில் கையெழுத்து இல்லையென்றால், அது குற்றமேதான்.

கையெழுத்துச் சரியாக இருந்தும் தப்பான சம்பவங்கள் உண்டு. 2017-இல், கம்ப்யூட்டரிலுள்ள குப்பையைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் என்ற புரோகிராமின் 5.33 பதிப்பைத் தயாரிப்பாளரின் சொந்தக் கட்டமைப்புக்குள் நுழைந்தே கெடுத்தார்கள். முறையான கையெழுத்தோடு ஆகஸ்ட் 15 முதல் ஏறக்குறைய ஒரு மாதம் அது அதிகாரபூர்வமாகவே விநியோகமானது. அப்படிப்பட்ட தாக்குதலை வீட்டிலிருந்து நாம் பிடிக்க முடியாது. நமக்கு நேரக்கூடிய ஆபத்து பெரும்பாலும் அதைவிட எளிமையானது.

எழுத்துரு விஷயத்தில் இந்த நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி மியன்மார் அரசு ஸாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையிலிருந்து யூனிகோடுக்கு மாறியது. ஃபாண்ட், கீபோர்டு, கன்வெர்ட்டர் என்று எல்லாரும் தேடித் தேடி இறக்கிய காலம் அது. 2021 ஜூனில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு தகவல் வெளியிட்டது. ஜனாதிபதி அலுவலக இணையதளத்தின் முகப்பிலேயே வைத்திருந்த பர்மிய ஃபாண்ட் தொகுப்புக்குள், கோபால்ட் ஸ்ட்ரைக் என்ற ஊடுருவல் கருவியை ஏற்றும் ஃபைலை யாரோ சேர்த்துவைத்திருந்தார்கள். அந்த ஃபைலின் பெயர் அக்ரோபேட், வகை டிஎல்எல். முகவரி சரி, தளம் அரசினுடையது, உள்ளே வைத்தது வேறு யாரோ.

இதில் கவனிக்க வேண்டியது அந்த டிஎல்எல் என்ற வகை. ஒரு புரோகிராம் இயங்கும்போது தனக்கு வேண்டிய துணைஃபைலைத் தன் ஃபோல்டரிலேயே முதலில் தேடும். இதைப் பயன்படுத்தி, முறையான கையெழுத்துள்ள நல்ல எக்ஸ்இ ஒன்றை வைத்து, அதன் பக்கத்தில் அது எதிர்பார்க்கும் பெயரிலேயே கெட்ட டிஎல்எல் ஒன்றை வைத்துவிடுவார்கள். நீங்கள் எக்ஸ்இயின் கையெழுத்தைப் பார்க்கிறீர்கள், சரியாக இருக்கிறது, டபுள் கிளிக் செய்கிறீர்கள். உள்ளே போவது பக்கத்தில் இருந்தவன். அதனால் ஒரு ஸிப்பை விரித்தால் எக்ஸ்இயை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள், அந்த ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு டிஎல்எல்லையும் அதே புராபர்ட்டீஸ் வழியில் பாருங்கள். மற்ற எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து இருந்து, ஒன்றில் மட்டும் இல்லாவிட்டாலோ, ஒன்றின் தேதி மட்டும் மற்றவற்றைவிடப் பல மாதம் பிந்தியிருந்தாலோ, அதுதான் ஆள்.

ஃபாண்ட் போட எந்த இன்ஸ்டாலரும் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் ஃபைலை ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் முடிந்தது. எக்ஸ்இ வடிவில் வரும் ஃபாண்டைப் போடவே வேண்டாம். தமிழுக்கு நிர்மலா என்ற எழுத்துரு விண்டோஸோடேயே வருகிறது. கீபோர்டுக்கும் பலருக்கு வெளி புரோகிராம் தேவைப்படாது. விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பிலிருந்து, ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் ஒலிமுறைக் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் போய்த் தேர்ந்தெடுத்தால் போதும். பாமினி போன்ற பழைய முறைகளில் பழகிய கைகளுக்குத்தான் தனிப் புரோகிராம் தேவை. அவர்களுக்காகவே மீதி.

மூன்றாவது சாட்சி, ஹாஷ். ஒரு ஃபைலை முழுக்கப் படித்து அதற்கென்று ஒரு கைரேகை எடுப்பது போன்றது. ஷா-256 என்ற முறையில் எடுத்தால் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கலந்து 64 எழுத்து வரும். ஃபைலில் ஒரே ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் அடியோடு வேறாகிவிடும். எம்டி5 என்று 32 எழுத்தில் கொடுத்திருந்தால் அதை நம்பாதீர்கள். 2004-லேயே அதை உடைத்தாயிற்று. ஷா-1, 40 எழுத்து, 2017-இல் உடைந்தது. செவன்-ஸிப் போட்டிருந்தால் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து ‘சிஆர்சி ஷா’ என்ற மெனுவில் ஷா-256-ஐத் தேர்ந்தால் எண் வந்துவிடும். அது இல்லாதவர்கள் பவர்ஷெல் திறந்து, ‘கெட்’, ‘ஃபைல்ஹாஷ்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை நடுவில் சின்னக் கோடு போட்டு அடித்து, இடம் விட்டு, ஃபைலை இழுத்து அந்த ஜன்னலில் போட்டு எண்டர் தட்டலாம்.

கண்ணால் ஒப்பிடாதீர்கள். முதல் நாலு, கடைசி நாலு எழுத்தைப் பார்த்துவிட்டுச் சரியென்று சொல்வது நம் பழக்கம். அந்த எட்டும் பொருந்தும்படி ஒரு ஃபைலைச் செய்ய சுமார் 430 கோடி முறை முயன்றால் போதும், இன்றைய கம்ப்யூட்டருக்கு அது சின்ன வேலை. தயாரிப்பாளர் ஹாஷை வெளியிட்டிருக்கும் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, கண்ட்ரோல் எஃப் அழுத்தி, நீங்கள் எடுத்த எண்ணை அந்தத் தேடல் கட்டத்தில் ஒட்டுங்கள். பக்கத்தில் மஞ்சள் பூசிக் காட்டினால் பொருந்துகிறது. இல்லாவிட்டால், முதலில் ஃபைலின் பைட் அளவு சரியா பாருங்கள். மின்சாரம் போய் டவுன்லோட் பாதியில் நின்றதுதான் பல நேரம் காரணம். உங்கள் ஹாஷ் ஈ3, பி0, சி4, 42 என்று தொடங்குகிறது என்றால், அது ஒன்றுமே இல்லாத வெற்று ஃபைல்; பெயர் மட்டும் வந்து உள்ளடக்கம் வரவில்லை. அளவு சரியாக இருந்து ஹாஷ் மட்டும் மாறினால்தான் கவலைப்படவேண்டும். 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ புரோகிராமின் மேக் பதிப்பை, மாற்று சர்வர் ஒன்றில் நுழைந்து மாற்றிவைத்திருந்தார்கள். முதன்மைத் தளத்திலிருந்த ஹாஷோடு ஒப்பிட்டவர்கள் தப்பித்தார்கள். ஹாஷும் ஃபைலும் ஒரே பென் டிரைவில், ஒரே ஃபோல்டரில் வந்தால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. ஃபைலை மாற்றியவனுக்குப் பக்கத்தில் இருக்கும் டெக்ஸ்ட் ஃபைலை மாற்றுவதா கடினம்?

இந்த ஹாஷே வைரஸ்டோட்டலுக்கும் நுழைவுச் சீட்டு. 2004-இல் ஸ்பெயினில் தொடங்கி, 2012-இல் கூகுள் வாங்கிய தளம் அது. எழுபது வரையான ஆன்டிவைரஸ்கள் ஒரே ஃபைலைப் பற்றி என்ன சொல்கின்றன என்று காட்டும். 40 எம்பி ஃபைலை ஏற்றி டேட்டாவைக் கரைக்காதீர்கள். தேடல் டேப்பில் 64 எழுத்தை ஒட்டுங்கள். அந்த ஃபைல் உலகில் யாரிடமிருந்தாவது ஏற்கனவே வந்திருந்தால் முடிவு உடனே வரும். ஏற்றுவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது: அங்கே போகும் ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் பணம் கட்டிய வாடிக்கையாளர்களுக்கும் கிடைக்கும். கீபோர்டு புரோகிராமை ஏற்றலாம். சந்தாதாரர் பட்டியலையோ பாஸ்போர்ட் நகலையோ ஏற்றக்கூடாது.

முடிவைப் படிப்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். பூஜ்யம் வந்தால் நல்லது, மூன்று வந்தால் கெட்டது என்று எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது சரியில்லை. ‘டீட்டெய்ல்ஸ்’ டேப்பில் ‘ஃபர்ஸ்ட் சப்மிஷன்’ தேதியைப் பாருங்கள். ஐந்து வருடமாக ஆயிரம் பேர் பார்த்த ஃபைலுக்குப் பூஜ்யம் வருவதும், இன்று காலை முதல்முறையாக வந்த ஃபைலுக்குப் பூஜ்யம் வருவதும் ஒன்றாகாது. இரண்டாவதற்கு, யாருக்கும் இன்னும் தெரியாது என்றுதான் பொருள். பழைய கீபோர்டு புரோகிராம் என்று சொல்லி வந்தது நேற்றுத்தான் உலகத்தில் முதலில் தோன்றியது என்றால், யாரோ அதைத் திறந்து மூடியிருக்கிறார்கள். ‘ரீஅனலைஸ்’ அழுத்தி மறுபடி பார்க்கவும் மறக்காதீர்கள். திரையில் இருப்பது மாதக்கணக்கில் பழைய முடிவாக இருக்கலாம்.

தமிழ் கீபோர்டு புரோகிராம்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை. நீங்கள் ‘கே’ அடித்தால் அதைப் பிடித்து ‘க்’ ஆக்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதாவது, எந்த ஜன்னலில் நீங்கள் எதை அடித்தாலும் அது முதலில் அதன் கைக்குப் போகிறது. பாஸ்வேர்டு திருடும் கீலாகரும் இதையேதான் செய்கிறது. பிடித்ததை வெளியே அனுப்புகிறதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். அதனால் நல்ல கீபோர்டு புரோகிராமையும் சில ஆன்டிவைரஸ்கள் சந்தேகிக்கும். அப்போது அவை சூட்டும் பெயரைப் படியுங்கள். ‘ஜெனரிக்’, ‘ஹியூர்’, ‘சஸ்பிஷியஸ்’ போன்ற சொற்களோ, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் சூட்டும் பெயரில் கடைசியில் ஆச்சரியக்குறியோடு ‘எம்எல்’ என்றோ இருந்தால், அது சாயலைப் பார்த்துச் சொன்ன யூகம். எழுபதில் இரண்டு மூன்று, அதுவும் ஆளுக்கொரு பெயரில் சொன்னால், தயாரிப்பாளரின் தளத்தில் ஹாஷ் பொருந்துகிறதா என்று பார்த்துத் தீர்மானிக்கலாம். பத்துப் பதினைந்து பேர், ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் விவாதமே இல்லை. ‘பிஹேவியர்’ டேப்பில் அந்தப் புரோகிராம் எந்த முகவரிகளோடு பேசியது என்றும் இருக்கும். டைப் செய்ய மட்டும் உதவும் புரோகிராமுக்கு, அப்டேட் பார்ப்பதைத் தவிர, வெளியே பேச என்ன வேலை? என் கணக்கில் கீபோர்டு விஷயத்தில் மற்ற எல்லாப் புரோகிராம்களையும்விட ஒரு படி கூடுதல் கண்டிப்பு வேண்டும். பேங்க் பாஸ்வேர்டும் அதன் வழியாகத்தான் போகிறது.

“அண்ணே, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க, அப்பத்தான் வேலை செய்யும்.” இன்ஸ்டால் செய்து கொடுக்கும் தம்பிகள் வாயில் இது சர்வசாதாரணமாக வரும். இந்த வாக்கியம் வந்தாலே அங்கே நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் ஆக்டிவேட்டர், கிராக் போட்ட ஃபோட்டோஷாப் போன்றவற்றுக்கு மேலே சொன்ன எந்தச் சோதனையும் உதவாது. அசல் ஃபைலை மாற்றுவதுதான் கிராக் என்பதால் கையெழுத்து உடைந்தேதான் இருக்கும். ஒப்பிட ஒரு நேர்மையான ஹாஷ் உலகத்தில் எங்கேயும் இல்லை. ஆன்டிவைரஸ் கத்துவது கிராக் என்பதாலா, உள்ளே திருடன் இருப்பதாலா என்று பிரித்தறிய வழியே இல்லை. போஸ்டர் வேலைக்கு கிம்ப், இங்க்ஸ்கேப், கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் போதும். மூன்றும் இலவசம், ஹாஷும் கிடைக்கும்.

பாஸ்வேர்டு போட்ட ஸிப்பும் இதே ரகம். பாஸ்வேர்டு 1234 என்று பக்கத்திலேயே எழுதி அனுப்புவது உங்கள் ரகசியத்தைக் காக்க அல்ல, ஸிப்புக்குள் ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்காமலிருக்கத்தான். 5 எம்பி ஸிப்பை விரித்தால் 700 எம்பி எக்ஸ்இ வருகிறது என்றால், உள்ளே வெறும் பூஜ்யங்களைத் திணித்து ஊதவைத்திருக்கிறார்கள். வைரஸ்டோட்டல் 650 எம்பிக்கு மேல் வாங்காது, அதற்காகவே இந்த ஊதல்.

டிஃபெண்டரைக் கேலி செய்யாதீர்கள், அது நல்ல காவல்காரன்தான். ஆனால் நெட் இல்லாத கம்ப்யூட்டரில் அதன் அறிவு பழையதாகிவிடும். ‘வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்‌ஷன்’ பக்கத்தில் கடைசி அப்டேட் தேதி இருக்கும். ஒரு மாதம் தாண்டியிருந்தால் அது சொல்லும் ‘சுத்தம்’ எதற்கும் உதவாது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் ஆஃப்லைன் அப்டேட் ஒரே ஃபைலாகக் கிடைக்கிறது. நெட் உள்ள இடத்தில் இறக்கி, அதன் கையெழுத்தையும் டீட்டெய்ல்ஸ் பட்டன் வரை போய்ப் பார்த்துவிட்டு, எடுத்துப்போய்ப் போடலாம்.

விண்டோஸ் புரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்குச் சாண்ட்பாக்ஸ் என்ற வசதி உண்டு. மூடினால் உள்ளே நடந்ததெல்லாம் அழிந்துவிடும் ஒரு தற்காலிக விண்டோஸ் அது. குறைந்தது 4 ஜிபி ராம் கேட்கும், 8 இருந்தால்தான் நிம்மதி. ஹோம் பதிப்பில் கிடையாது. சோதனைக்கூடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தால் சாதுவாக நடிக்கும் வைரஸ்கள் இருப்பதால், இதையும் கடைசிச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்கனவே டபுள் கிளிக் செய்தாகிவிட்டது, சந்தேகம் பிறகுதான் வந்தது என்றால்: முதலில் வைஃபையை அணையுங்கள். பாஸ்வேர்டு மாற்றுவதை அதே கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள், ஃபோனில் செய்யுங்கள். மாற்றினால் மட்டும் போதாது. பிரவுசரில் திறந்தே இருந்த லாகின்களையும் இந்தத் திருடர்கள் அப்படியே எடுத்துப்போகிறார்கள், புதுப் பாஸ்வேர்டு அவர்களைத் தடுக்காமல் போகலாம். ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதைத் தேடி அழுத்துங்கள். பிறகு டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்முன் தேடும்; கால் மணி நேரம் ஆகலாம், நடுவில் கரண்ட் போகாத நேரம் பார்த்துப் போடுங்கள். அதன்பின் மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் என்ற கருவியில், மைக்ரோசாஃப்டின் சொந்த வரிகளை மறைத்துவிட்டு, கம்ப்யூட்டரோடு சேர்ந்து எழும் மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டெம்ப் ஃபோல்டரிலிருந்தோ ஆப்டேட்டாவிலிருந்தோ எழும் பெயர் தெரியாத வரி இருந்தால் டிக்கை எடுங்கள்.

நல்லதென்று தெரிந்த ஃபைலை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது ஒரு சின்ன வேலை மிச்சமிருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து எந்தத் தேதியில் இறக்கியது, பதிப்பு எண், பைட் அளவு, ஷா-256 எண் இவற்றை எழுதி, ஃபைலோடு வைக்காமல் தனியாக வைபரில் அனுப்பிவிடுங்கள். பென் டிரைவ் தட்டோனுக்குப் போய்ச் சேர்வதற்குள் நடுவில் எத்தனை கம்ப்யூட்டரில் செருகப்படும் என்று உங்களுக்குத் தெரியாது. பெற்றுக்கொள்பவர் செவன்-ஸிப்பில் எண்ணை எடுத்து, வைபரில் வந்ததோடு ஒட்டிப் பார்த்துவிட்டு இன்ஸ்டால் செய்யட்டும்.